மழலையர் ஆசான் மாண்டிசோரி அம்மையார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே சென்றால் வரும் சிற்றூர் ஒன்றில் என் தமக்கை அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறார். எங்கள் பக்கத்தில் அதனை இன்றும் பால்வாடி என்றே சொல்வர். காலை பத்து மணிக்குள் இருபது குழந்தைகளும் வந்து சேர்ந்துவிடுவார்கள். இரண்டு பாட்டு, ஒரு கதை. அதன் பிறகு சோறு வரும்வரை அந்தக் குழந்தைகளை என்ன செய்ய வைப்பது? இதுதான் அவர் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்கும் கேள்வி. அரசு வகுத்துத் தந்த ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்னும் பாடத்திட்டம் இருக்கிறது. விளையாட்டுப் பொருள்கள் அடங்கிய பெட்டியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி பெரும்பாலும் அலமாரிக்குள் பூட்டியே கிடக்கும். ஒரு பொருள் தொலைந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டுமே என்னும் அச்சம்தான் காரணம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டில் எழும் எல்லாக் கேள்விகளுக்கும் எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள்! இக்கேள்விக்கு விடை தேடி நூலகத்திற்குச் சென்றபோது எதிர்ப்பட்டவர்தான் மாண்டிசோரி அம்மையார். அவர் பெயர் நமக்குப் புதிதன்று. கட்டணம் மிகுந்த மழலையர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் நாம் நாள்தோறும் காண்பதுதான். ஆனால் அந்த அம்மையார் தம் முதல் பள்ளியை யாருக்காகத் தொடங்கினார் என்பதை அறிந்தபோது நான் திகைத்துப் போனேன்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே படிப்பில் நாட்டம் மிக்கவர். ஒரே மகள். குடும்பம் பின்னர் ரோம் நகரில் குடியேறியது. பதின்மூன்று வயதில் அவர் சேர்ந்தது ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளி. பொறியியல் கற்கவே முதலில் விரும்பினார். பின்னர் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. தந்தைக்கு இதில் உடன்பாடு இல்லை. தாயோ மகளின் பக்கம் உறுதியாக நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பயில ஒரு பெண்ணுக்கு இடமில்லை. எனவே மாலையில் எல்லாரும் சென்ற பிறகு, உயிரற்ற உடல்களுக்கு நடுவே அவர் தனியாக இருந்து பயின்றார். விலங்கியல் ஆய்வகத்தில் தவளையைக் கண்டு முகஞ்சுளிக்கும் நம் தோழியர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். 1896இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று பல நூல்கள் அவரைக் குறிக்கின்றன. அது சரியன்று, அவருக்கு முன்பே அங்குச் சில பெண்கள் அப்பட்டத்தைப் பெற்றிருந்தனர். முதல் சிலருள் ஒருவர் என்பதே பொருந்தும். அதே ஆண்டில் பெர்லின் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டில், உழைக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி வேண்டும் என்று அவர் வாதாடினார்.

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் பணி கிடைத்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை அக்காலத்தில் பைத்தியக்கார விடுதிகளில் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைப்பர். அத்தகைய ஓர் அறையில் குழந்தைகள் உணவு முடிந்தபின் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தனர். பார்த்தவர்களுக்கு அது பெருந்தீனியாகத் தோன்றியது. மாண்டிசோரியோ வேறொன்றைக் கண்டார். அந்த அறையில் கையால் தொடுவதற்கு வேறு எதுவுமே இல்லை! கைகள் வேலைக்கு ஏங்கின. கிடைத்தது ரொட்டித் துணுக்கு மட்டுமே. அன்று முதல் அவர் இட்டார், செகன் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். இட்டார் காட்டில் வளர்ந்த சிறுவன் ஒருவனுக்குக் கல்வி புகட்ட முயன்றவர். அவருடைய மாணவரான செகன் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கென்று பல கருவிகளை அமைத்தவர். அவற்றைப் போன்ற பொருள்களைத் தாமும் செய்வித்து மாண்டிசோரி குழந்தைகளுக்குக் கொடுத்தார். எதற்கும் உதவார் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுள் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வை எழுதித் தேறினர். ஊரே வியந்தது. அவரோ கவலை கொண்டார். குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு தூரம் வர முடியுமென்றால், குறையில்லாக் குழந்தைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்குக் கீழே பிடித்து வைத்திருக்கின்றன என்பதே அவர் கவலை.

இக்காலத்தில்தான் அவர் வாழ்க்கையில் மறைக்கப்பட்ட பகுதி ஒன்று நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் மொன்டெசானோவுடன் அவருக்கு ஏற்பட்ட காதலின் பயனாக 1898இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. திருமணம் நடக்கவில்லை. ஊர்ப்பழிக்கு அஞ்சி, மாரியோ என்ற அக்குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. அவ்வப்போது சென்று பார்த்து வருவார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். 1901இல் மொன்டெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். மாண்டிசோரி தாம் பொறுப்பேற்றிருந்த பயிற்சிப் பள்ளியை விட்டு விலகி மீண்டும் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாய் என்று போற்றப்பட்டவர் தம் குழந்தையை மடியில் வைத்து வளர்க்கவில்லை. இதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காலச் சமுதாயம் அந்தத் தந்தையிடம் எதையும் பறிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

இனி, அந்த முதல் பள்ளிக்கு வருவோம்.

ரோமில் சான் லொரன்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. கட்டட நிறுவனம் ஒன்று அங்கிருந்த பாழடைந்த அடுக்கு வீடுகளைச் செப்பனிட்டுக் குடும்பங்களைக் குடியேற்றியது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி வயது வராத குழந்தைகள் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைக் கிறுக்கினர். சுவருக்கு மீண்டும் மீண்டும் வெள்ளையடிப்பதைவிடக் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது செலவு குறைவு என்று நிறுவனத்தார் கணக்கிட்டனர், மாண்டிசோரியை அழைத்தனர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று முதல் ஆறு வயது வரையிலான ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளுடன் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. வெள்ளையடிக்கும் கூலியை மிச்சப்படுத்தப் பிறந்த பள்ளி அது! அழுத முகமும் அரண்ட விழியுமாக வந்த குழந்தைகள். ஆசிரியப் பயிற்சி பெறாத இளம்பெண் ஒருத்தி ஆசிரியை. பள்ளி மேசை நாற்காலிகள் வாங்கப் பணமில்லை. ஆகவே குழந்தைகளே தூக்கி நகர்த்தக்கூடிய சிறிய மேசைகளை அம்மையார் செய்வித்தார்.

அவர் கொடுத்த பொருள்களுள் ஒன்றை மட்டும் விளக்குகிறேன். நீண்ட மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஓர் உருளை. உச்சியில் பிடிக்கச் சிறு குமிழ். உருளைகளின் விட்டம் ஒன்றுக்கொன்று சிறிதே வேறுபடும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலைத்து, மீண்டும் அதனதன் குழியில் வைக்க வேண்டும். ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்துவிட்டால் கடைசியில் ஓர் உருளை எங்கும் பொருந்தாமல் கையில் நின்றுவிடும். எனவே, தவறு என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை, கட்டையே சொல்லிவிடும். குமிழை மூன்று விரலால் பிடிப்பதால் பின்னாளில் பென்சில் பிடிக்க அந்த விரல்கள் அப்போதே பழகிவிடுகின்றன. நாம் வெர்னியர் அளவியைக் கையில் பிடிப்பது பதினைந்து வயதுக்கு மேல்தான். அளவு என்னும் கருத்தை மூன்று வயதுக் குழந்தையின் விரல் நுனிக்கு அவர் கொண்டுவந்ததை எண்ணும்போது, இயற்பியல் மாணவியாகிய எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது.

ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வுருளைகளோடு அமர்ந்திருந்தாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் ஆடிப் பாடச் செய்தும் அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார் அம்மையார். அப்போதும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்து, பின் உறக்கம் கலைந்தவள்போல் முகம் மலர எழுந்தாள். குழந்தைக்கு மனம் ஒரு நிலையில் நிற்காது என்று பெரியவர்கள் சொல்லிவந்தது அன்றோடு பொய்யாயிற்று.

என் தமக்கைக்கு நான் படித்துக் காட்டிய பகுதி இதனை அடுத்து வருவது. பொருள்களை ஆசிரியை அலமாரியில் பூட்டி வைத்து, தாமே எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் அவர் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வந்து பார்த்தபோது, குழந்தைகள் தத்தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியைக்குச் சினம். அம்மையாருக்கோ அதில் புதிய செய்தி ஒன்று தெரிந்தது: குழந்தைகளுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, எது வேண்டும் என்றும் தெரிகிறது. பூட்டிய அலமாரி அகன்று, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. விலையுயர்ந்த பொம்மைகளைச் சீந்துவாரில்லை. பரிசுகளையும் குழந்தைகள் பொருட்படுத்தவில்லை. மூக்கைச் சிந்தித் துடைப்பது எப்படி என்று ஒரு நாள் அம்மையார் பாடம் நடத்தியபோது எல்லாரும் கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கொழுகுகிறதே என்று ஓயாமல் திட்டு வாங்கிய குழந்தைகளுக்கு, துடைப்பது எப்படி என்று அதுவரை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எழுத்துக் கற்பித்ததும் இவ்வாறே. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். குழந்தை விரலால் தடவும், ஒலியைச் சொல்லும். சில மாதங்கள் கழித்து ஒருநாள் சிறுவன் ஒருவன் சுண்ணக்கட்டியை வாங்கித் தரையில் திடீரென்று எழுதலானான். அடுத்தடுத்த நாள்களில் மற்றவர்களும் தரை, கதவு என்று பாராமல் எழுதித் தள்ளினர். நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள், அதுவும் படிப்பறியாத பெற்றோரின் பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்ற செய்தி நாடு முழுவதும் பரவியது.

விரலால் எழுத்தைத் தடவிக் கற்பது தமிழகத்துக்கு அயலானதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே அரிச்சுவடி கற்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு, அதனை இங்கிலாந்து வரை கொண்டு சென்றார். கற்பிக்கத் தக்க பொருள் தேடி அலைந்தவர்கள் நம் ஊரிலும் இருந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பிள்ளைகளுக்கு ஏற்ற நூல் இல்லாத குறையைக் கண்டு, படிப்படியாகக் கற்கும் வகையில் பாலபாடங்களைத் தாமே எழுதி, தம் அச்சகத்திலேயே அச்சிட்டார். சிதம்பரத்தில் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரும் அவரே.

மாண்டிசோரியின் புகழ் விரைந்து பரவியது. 1909இல் முதல் ஆசிரியப் பயிற்சி வகுப்பு. அதே ஆண்டில் முறையை விளக்கும் நூல். 1913இல் அமெரிக்கப் பயணம். 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில், குழந்தைகள் வேலை செய்வதை மக்கள் வெளியிலிருந்து காணும்படி கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை. தாய் இறந்த பிறகு, பதினைந்து வயது மாரியோவைத் தம்மோடு அழைத்துக்கொண்டார்; உலகத்தின் பார்வைக்கு அவன் அண்ணன் தம்பி மகன் அல்லது வளர்ப்பு மகன்.

1924 முதல் முசோலினியின் அரசு அவர் பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது. அம்மையார் அதனை ஏற்றார். இது அவர் வாழ்வில் ஒரு கறை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் குழந்தைகளை ஆட்சியின் படையாட்களாக வார்க்க அவர் இசையவில்லை. 1934இல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினர். வாழ்ந்துவந்த பார்சிலோனாவை 1936இல் உள்நாட்டுப் போர் காரணமாக விட்டு வெளியேற நேர்ந்தது.

அந்த நிலையில்தான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்தனர். 1939 நவம்பரில் அறுபத்தொன்பது வயதில் மாரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். ஆல்காட் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகைகள் போடப்பட்டன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேர் அளவில் பயிற்சிக்கு வந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார். பயிற்சி பெறுவோர் ஒவ்வொரு பொருளையும் எப்படி எடுத்து, எப்படிக் காட்டுவது என்பதைத் தம் கையாலேயே எழுதிப் படம் வரைந்து ஏடாகத் தொகுக்க வேண்டும். அந்த ஏடே பின்னாளில் அவர்களுக்குக் கைந்நூல். அச்சிட்ட கையேட்டைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை.

சில மாதங்கள் தங்கிப் போக வந்தவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் ஆட்சிக்கு அவர் பகை நாட்டவர் ஆனார். மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று ஆணை வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுவிப்பதாக அதில் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக வெளியில் சொல்லப்படாத உறவுக்கு உரிய பெயர், அரசாங்கத் தந்தி ஒன்றில் எழுதப்பட்டு, நம் சென்னை மண்ணில் அவர் கைக்கு வந்தது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கு ஒரு சிறு பள்ளி; பல வயதுக் குழந்தைகள் ஒரே இடத்தில். மலைச்சரிவில் கிடைத்த இலை, பூச்சி, நீரோடை எல்லாம் பாடப் பொருள்கள் ஆயின. இந்தியத் தாய்மார் கைக்குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமல் சந்தைக்கும் கோயிலுக்கும் தூக்கிச் செல்வதை அவர் கூர்ந்து கவனித்தார். அப்படிச் செல்லும் குழந்தை மொழியையும் உலகையும் முயற்சியின்றி உறிஞ்சிக்கொள்கிறது என்று கண்டார். உள்வாங்கும் மனம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாற்றில்தான் முதன்முதலாக அச்சாயிற்று. 1946இல் ஐரோப்பா திரும்பி, 1947இல் மீண்டும் வந்து 1949 வரை இங்குப் பணியாற்றினார். இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேல் என்பர். மூன்று முறை அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் நூர்ட்விக் என்னும் கடற்கரை ஊரில் மறைந்தார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பொருள்கள் தாம் வகுத்த அளவு மாறாமல் செய்யப்பட வேண்டும் என்பதில் அம்மையார் கண்டிப்பாக இருந்தார். அளவு தவறினால் பயன் தவறும் என்பது அவர் கொள்கை. அறிவியல் நோக்கில் அது நேர்மையானதே. ஆனால் தேக்கு மரத்தில் இழைத்த பொருளை நம் சிற்றூர் எங்ஙனம் வாங்கும்? அம்முறை ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளிடமிருந்து நகர்ந்து வசதி படைத்தோரிடம் சென்று சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

இவ்விடத்தில் தாராபாய் மோடக் என்னும் மராட்டிய அம்மையாரை நினைக்காமல் இருக்க முடியாது. குஜராத்தில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து மாண்டிசோரி நெறியில் பணியாற்றிய அவர், 1945இல் தானே மாவட்டத்துப் போர்டி என்ற சிற்றூருக்குச் சென்றார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டு போனார். விலைக்கு வாங்கிய கருவிகளுக்கு ஈடாக விதை, கூழாங்கல், சிப்பி, இலை. முற்றம் என்னும் பொருளுடைய அங்கண் என்ற சொல்லிலிருந்து வந்ததே அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் நடுவண் அரசு முப்பத்து மூன்று வட்டாரங்களில் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரையே எடுத்துக்கொண்டது.

என்னைப் போன்றவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் மாண்டிசோரி முறையின் கூறுகளும் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவமும் கலந்திருந்தன. ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் தரையில் அமர்ந்து, தட்டிலிருந்து அட்டையை நானே எடுத்ததும், கைக்கெட்டும் உயரத்தில் சுவரோரமாக ஓடிய கரும்பலகையில் எனக்கென்று ஒரு பகுதி இருந்ததும் நினைவிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று அன்று யாருக்குத் தெரியும்?

சென்ற மாதம் தமக்கையும் நானும் மரவேலைக் கடையில் உப்புத்தாள் வாங்கினோம். எளிய வடிவம் என்பதால் முதலில் ட, ப, ம மூன்றையும் வெட்டி அட்டையில் ஒட்டினோம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை அளவுவாரியாகப் பிரிக்க ஒரு தட்டு. புளியங்கொட்டையை எண்ணிப் போடப் பத்துக் கொட்டாங்கச்சிகள். மூன்று வயதுக் குழந்தைகள் கொட்டையை வாயில் போட்டுக்கொள்வார்கள் என்று ஆயா எச்சரித்ததால், அந்தத் தட்டை மட்டும் பெரிய பிள்ளைகளுக்கென்று தமக்கை தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அலமாரியின் கீழ்த்தட்டு இப்போது பூட்டப்படுவதில்லை. இதுவரை நான்கு சிப்பிகளும், பெட்டியில் வந்த படத்துண்டு ஒன்றும் காணாமற் போயிருக்கின்றன. படத்துண்டைப் பதிவேட்டில் தொலைந்தது என்று எழுதி, அவர் தம் கையொப்பத்தையும் இட்டிருக்கிறார்.